வாக்குத் தவறாத கிராமம்

ஆபத்துக் காலத்தில் மனிதர்கள் தெய்வத்தினிடம் எத்தனையோ வேண்டுதல்கள் செய்துகொள்கிறார்கள். ஆபத்து நீங்கியதும் அவற்றில் பாதி மறந்து போகிறது. மறக்காத பாதியும் "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப் போடப்படுகிறது. இது மனித சுபாவம். ஆகையால், முன்னோர் செய்த ஒரு பிரார்த்தனையை ஏறக்குறைய 400 வருஷங்களாக விடாமல் நிறைவேற்றி வரும் கிராமம் ஒன்று இருக்கிறது என்றால், அந்த ஊரையும் அதன் ஜனங்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் நமக்கு உண்டாவதில் வியப்பில்லை. ஜெர்மனி தேசத்தின் தென்கோடியில், பவேரியா மாகாணத்து மலைகளுக்கிடையே இருக்கும் ஓபராம்மர்கௌதான் அந்தக் கிராமம்.

மியூனிச் நகரத்தில் ரயில் ஏறித் தெற்கே சுமார் ஒரு மணி நேரம் பிரயாணம் செய்தால் முர்னௌ என்னும் ஊர் வருகிறது. அங்கே வண்டி மாற வேண்டும். கிளைப் பாதையில் செல்லும் சிறு வண்டி, சதுப்பு நிலங்களையும் பசும்புல் வெளிகளையும் கடந்து, வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. சிறு வண்டிதானே என்று இதை அலட்சியம் செய்யலாகாது. பெரிய நகரங்களுக்கிடையே புகை வண்டிகளே ஓடிக்கொண்டிருந்த 1905-ம் வருஷத்திலேயே இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது.

முதலில் வருவது உண்டராம்மர்கௌ. அதற்கு அடுத்தது ஓபராம்மர்கௌ. ஜெர்மன் பாஷையில் 'உண்டர்' என்றால் கீழ், 'ஓபர்' என்றால் மேல். அம்மர் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றின் பெயர். அம்மர் ஆற்றங்கரைச் சீமையின் மேலூர் என்று ஊரின் பெயருக்குப் பொருள் சொல்லலாம்.

கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,750 அடி உயரத்தில் ஊர் அமைந்திருக்கிறது. ஜனத்தொகை 5,000-க்குச் சற்று அதிகம். ஊருக்குக் காவல் நிற்பதுபோல் கோஃபெல் என்னும் மொட்டைப் பாறைச் சிகரம் 4,400 அடி உயரத்தில் தலைதூக்கி நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிலுவை நாட்டியிருக்கிறார்கள். ஊரில் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் அந்தச் சிகரம் கண்ணில் படாமல் போகாது.

பழைய பாதை

இவ்வளவு ஒதுங்கிய மலை நாட்டில் சரித்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அது வழிப்போக்கர்களுடன் வந்தது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குப் போகும் பண்டைக்காலப் பாதைகளில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே சென்றது. ஊருக்கு அருகில் டோட்டன்பிஹ்ல் என்று ஒரு சிறு குன்று இருக்கிறது. அங்கே பூமியை ஆராய்ந்தவர்கள் ஏராளமான பழைய இரும்புப் பொருள்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, யந்திர வில்லிலிருந்து எய்யப்பட்ட அம்பின் முனை. அதில் ரோமாபுரியின் 19-வது சேனையின் முத்திரை பொறித்திருந்தது. கி.மு. 15-ம் வருஷத்தில் ரோமானியப் படைகள் ஆல்ப்ஸ் மலை ஜாதியாரை அடக்க வந்த காலத்து அடையாளம் அது. அதே 19-வது சேனை கி.பி. 9-ம் வருஷத்தில் ஜெர்மானியக் காடுகளில் அடியோடு அழிந்து போயிற்று. வென்றவர்களும் போனார்கள், தோற்றவர்களும் போனார்கள், அம்பு முனை மட்டும் மண்ணில் கிடந்தது.

1330-ம் வருஷத்தில் பவேரியாவின் லுட்விக் சக்கரவர்த்தி, இத்தாலியிலிருந்து திரும்பியதும், இந்த ஊருக்கு இரண்டரை மைல் தூரத்தில் எட்டால் என்னுமிடத்தில் ஒரு மடாலயம் ஸ்தாபித்தார். அதன் பின் ஓபராம்மர்கௌவின் கதையும் எட்டால் மடத்தின் கதையும் பின்னிப் பிணைந்துவிட்டன. ஆக்ஸ்பர்க் நகரத்துக்கும் வெனிஸ் நகரத்துக்கும் இடையே சரக்கு வண்டிகள் இவ்வழியே போயின. இந்த ஊரார் அந்த வண்டிகளுக்குக் கூலிக்கு மாடும் குதிரையும் கட்டி ஜீவனம் செய்தார்கள். கடல் மார்க்கங்கள் திறந்து, மலை வழி வியாபாரம் குறைந்தபோது அந்த வருமானமும் சுருங்கியது. ஆனால் ஊராரின் கையில் இன்னொரு தொழில் இருந்தது.

உளியும் வர்ணமும்

மழையும் பனியும் மிகுந்த மலைச் சரிவில் விவசாயம் அதிகம் இல்லை. குளிர் காலத்தில் மாதக் கணக்காக வெளியில் வேலை கிடையாது. காட்டில் மரத்துக்கு மட்டும் குறைவில்லை. ஆகவே ஜனங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மரத்தைச் செதுக்கத் தொடங்கினார்கள். சிலுவைகள், தேவ மாதாவின் உருவங்கள், கிறிஸ்து பிறந்த மாட்டுத் தொழுவக் காட்சிகள், குழந்தைகளுக்குப் பொம்மைகள், குதிரைகள் எல்லாம் அவர்கள் கையில் உருவாயின. கோடை வந்ததும், முதுகில் உயர்ந்த மரச் சட்டம் கட்டி, அதில் பொம்மைகளை அடுக்கிச் சுமந்துகொண்டு, கால்நடையாகவே அயல்நாடுகளுக்குப் போய் விற்று வருவார்கள் சிலர். நாளடைவில் பெரிய வியாபாரக் குடும்பங்கள் தோன்றிச் சரக்கை மொத்தமாக வாங்கித் தூர தேசங்களுக்கு அனுப்பலாயின. எங்கும் நடப்பதே இங்கும் நடந்தது; விற்றவர்கள் வீடு பெரிதாயிற்று, செதுக்கினவர்கள் வீடு அப்படியே இருந்தது. எனினும் கலை அழியவில்லை. மரச் சிற்பம் கற்பிக்கும் பள்ளிக்கூடம் 19-ம் நூற்றாண்டிலிருந்து இங்கே நடக்கிறது. 1910-ம் வருஷத்தில், அத்தகைய வியாபாரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த கீடோ லாங் என்பவர் பழைய சிற்பங்களையெல்லாம் சேர்த்து ஒரு காட்சிசாலை ஏற்படுத்தினார். முன்னோர் கைவேலையை அங்கே இன்றும் காணலாம்.

வீதியில் நடந்தால், வீட்டுச் சுவர்களே சித்திரப் படங்களாய்க் காட்சியளிக்கின்றன. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல், அது காய்வதற்குமுன் வர்ணம் தீட்டிவிடுவார்கள். பூச்சு இறுகும்போது வர்ணமும் அதனுடன் ஒன்றிப் போகும். கொஞ்சம் தாமதித்தாலும் வேலை கெட்டுவிடும். ஆகவே இதற்குக் கையில் வேகமும் மனத்தில் உறுதியும் வேண்டும். இந்தக் கலையில் புகழ்பெற்றவர், 1748-ல் பிறந்து 1792-ல் மறைந்த பிரான்ஸ் செராஃப் ஸ்விங்க் என்னும் உள்ளூர்ச் சித்திரக்காரர். 1784-ல் அவர் சித்திரம் தீட்டிய 'பிலாத்து மாளிகை'யைப் பார்த்தால், தட்டையான சுவரில் தூண்களும் படிக்கட்டும் மண்டபமும் நிஜமாகவே எழும்பி நிற்பதாகத் தோன்றும். மண்டபத்தில் யேசுநாதர், விசாரணைக்காகப் பிலாத்துவின் முன்னிலையில் நிற்கிறார். இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் அந்தக் கதைதான். அதற்குக் காரணம் உண்டு.

1633-ம் வருஷத்துப் பிரார்த்தனை

1618-ல் தொடங்கிய முப்பது வருஷ யுத்தம் ஜெர்மானிய நாடுகளைச் சுடுகாடாக்கிக்கொண்டிருந்த சமயம். படைகள் சென்ற இடமெல்லாம் பஞ்சமும் கொள்ளை நோயும் பின் தொடர்ந்தன. ஓபராம்மர்கௌ ஜனங்கள் ஊருக்குள் அந்நியர் வராமல் காவல் போட்டார்கள். ஆனால் ஊர்க் கர்ண பரம்பரை சொல்வது இது: பக்கத்து ஊரில் கூலி வேலைக்குப் போயிருந்த காஸ்பர் ஷிஸ்லர் என்பவனுக்கு, தேவாலயத் திருவிழாவுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளுடன் இருக்க வேண்டும் என்ற ஆசை தாங்கவில்லை. காவலுக்குத் தெரியாமல் இரவில் வீடு வந்து சேர்ந்தான். அவனோடு நோயும் வந்து சேர்ந்தது. அவன் மாண்டான், பிறகு ஊரில் 80-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

1633-ல் ஊர்ப் பெரியவர்கள் ஆலயத்தில் கூடி, யேசுநாதர் பாடுபட்டு உயிர் நீத்த சரித்திரத்தைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை நாடகமாக நடிப்பதாகப் பிரார்த்தித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒருவர் கூடச் சாகவில்லை என்பது ஐதிகம். அடுத்த வருஷமே, 1634-ல், கொள்ளை நோயில் இறந்தவர்களைப் புதைத்த மயானத்தின்மேல் பலகை மேடை போட்டு முதல் நாடகத்தை நடத்தினார்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்தவர்கள், அவர்கள் சமாதியின்மேல் நின்று, மரணத்தை வென்றவரின் கதையை நடித்தார்கள். இதை நினைக்கும்போது, வேஷமும் வசனமும் ஒருபுறம் இருக்க, அந்த எளிய குடியானவர்களின் மனோதிடத்தை எண்ணி வணங்கத் தோன்றுகிறது.

1680-லிருந்து, பத்தாம் பத்தாம் வருஷங்களிலேயே நாடகம் நடப்பது வழக்கமாயிற்று. தடைகள் வராமலில்லை. பரிசுத்தமான விஷயத்தை மேடையில் நடிக்கலாகாது என்று 1770-ல் ராஜாங்கம் தடுத்தது, 1810-லும் தடுத்தது. ஊரார் மியூனிச்சுக்குத் தூது போய் மன்றாடினார்கள். எட்டால் மடத்துப் பாதிரியார் ஒட்மார் வைஸ் புதிதாக நாடகம் எழுதிக் கொடுக்க, 1811-ல் அனுமதி கிடைத்தது. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ரோஹஸ் டெட்லர் அதற்கு இசை அமைத்தார். இன்றும் அந்த இசையே அடிப்படை. பின்னர் 1860-ல் ஊர்ப் பாதிரியார் டைசன்பெர்கர் நாடகத்தைத் திருத்தி அமைத்தார்.

1870-ல் பிரான்சுடன் யுத்தம் மூண்டதால் ஆட்டம் பாதியில் நின்று, 1871-ல் தொடர்ந்தது. அந்த வருஷம் பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் தனியாக வந்து பார்த்தார். நடிகர்களை விருந்துக்கு அழைத்து எல்லோருக்கும் வெள்ளிக் கரண்டி பரிசளித்தார் என்றும், யூதாஸாக நடித்தவருக்கு மாத்திரம் தகரக் கரண்டி கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. பாவம், நன்றாக நடித்ததற்கு அதைவிட நற்சாட்சிப் பத்திரம் எது?

ஊரே நாடகக் கம்பெனி

இங்கே கூலிக்கு வரும் நடிகர் ஒருவரும் இல்லை. இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். அல்லது 20 வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். 1900, 1910, 1922 ஆகிய மூன்று முறை யேசுநாதராக நடித்து உலகப் புகழ் பெற்ற அன்டன் லாங், ஜீவனத்துக்கு மண்பாண்டம் செய்தவர். ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதாவதொரு விதத்தில் நாடகத்தில் பங்கு கொள்கிறார்கள். நாடகத்துக்கு முந்திய வருஷம் சாம்பல் புதன்கிழமை முதல் யாரும் முடி வெட்டிக்கொள்ளவோ முகக்ஷவரம் செய்துகொள்ளவோ கூடாது என்று பஞ்சாயத்து அறிவிப்புப் போடுவது வழக்கம். ரோமானியச் சிப்பாய் வேஷக்காரர்களுக்கு மாத்திரம் விலக்கு.

1900-ல் கட்டிய நாடக மண்டபத்தில் சுமார் 4,500 பேர் உட்காரலாம். ஜனங்களுக்குக் கூரை உண்டு. மேடை திறந்த வெளியில் அமைந்தது. முன்னாளில் மழை பெய்தாலும் நடிகர்கள் நனைந்துகொண்டே நடிப்பார்கள். பின்னணியில் திரைக்குப் பதிலாக நிஜ ஆகாயமும் நிஜ மலையும் இருக்கின்றன. நடுவே போஜனத்துக்கு இடைவேளை விட்டு, ஐந்து மணி நேரம் நாடகம் நடக்கும். காட்சிகளுக்கிடையே பழைய ஏற்பாட்டுச் சம்பவங்களை, நடிகர்கள் அசையாமல் நின்று சித்திரம் போலக் காட்டுவார்கள். பாடகர் குழு பாடும்.

1930-ம் வருஷத்தில் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்களுள் நம் கவி ரவீந்திரநாத் தாகூரும் ஒருவர். நாடகம் அவர் உள்ளத்தை உலுக்கிவிட்டது. அதைப் பார்த்த பின் அவர் ஆங்கிலத்திலேயே நேராக ஒரு நீண்ட கவிதை எழுதினார். 'குழந்தை' என்று பொருள்படும் தலைப்புடன் அது 1931-ல் வெளியாயிற்று. பிறகு அவரே அதை 'சிசுதீர்த்தம்' என்று வங்காளியில் ஆக்கினார். பவேரிய மலைக் கிராமத்துக் குயவரும் தச்சரும் நடித்த நாடகம் பாரத நாட்டுக் கவியின் உள்ளத்தில் விதையாய் விழுந்து வேறொரு விருக்ஷமாய் வளர்ந்தது.

கறை

ஆனால் அதே 1930-ல், அதே மண்டபத்தில், இன்னொருவரும் நாடகம் பார்த்தார். அவர் பெயர் அடால்ஃப் ஹிட்லர். 1934-ல், பிரார்த்தனை நிறைவேறத் தொடங்கிய 300-வது வருஷ விழாவுக்கும், ஜெர்மனியின் சர்வாதிகாரியாக ஆகஸ்டு 13-ந் தேதி வந்தார். யூதர்களின் 'அபாயத்தை' இந்த நாடகம் போல் வேறெதுவும் எடுத்துக்காட்டவில்லை என்று 1942-ல் அவர் புகழ்ந்து பேசினார். ஐரோப்பாவின் யூதர்களைக் கொலைக்களங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது.

ஒரே நாடகத்தில் தாகூர் கண்டது வேறு, ஹிட்லர் கண்டது வேறு என்று சொல்லி இதைக் கடந்து போய்விடலாம். அது நேர்மையாகாது. விஷம் நாடகத்திலேயே இருந்தது. பழைய வசனத்தில் யூத ஜனங்கள் எல்லோரும் யேசுநாதரைக் கொல்லத் துடிக்கும் கொடியவர்களாகவே வந்தார்கள். யூத குருமார்கள் கொம்பு முளைத்தது போன்ற தலைப்பாகை அணிந்தார்கள். 'இவருடைய இரத்தப்பழி எங்கள்மீதும் எங்கள் பிள்ளைகள்மீதும் இருக்கட்டும்' என்ற பொருளில் கூட்டம் முழுவதும் கூவியது. யேசுநாதரும், அவர் தாயாரும், சீஷர்களும் யூதர்களே என்பது யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. ஊராருக்குத் துவேஷ எண்ணம் இருந்ததோ இல்லையோ, பக்தியுடன் சொல்லப்பட்ட அந்த வார்த்தைகள் தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்துகொண்டே இருந்தன. வேறு பல ஊர்களிலும் நடந்த இத்தகைய நாடகங்கள் முடிந்ததும், யூதர் வீதிகளைக் காப்பாற்றக் காவல் போட வேண்டியிருந்த சந்தர்ப்பங்கள் ஐரோப்பியச் சரித்திரத்தில் உண்டு.

யுத்தம் வந்தது. 1940-ல் நாடகம் நடக்கவில்லை. மரப் பொம்மை செதுக்கிய ஊரில், மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனியார் ஆகாய விமானங்களுக்குப் படம் போட்டார்கள். 1945 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் படைகள் வந்தபோது, முற்றுப் பெறாத ஒரு புதுமாதிரி விமானம் இங்கே அகப்பட்டது. 1950-ல் மீண்டும் நாடகம் நடந்தது. ஆனால் வசனம் பழைய வசனமே.

வசனம் பெரிதா, வாக்கு பெரிதா?

இதன் பிறகு நடந்ததே இந்த ஊர்ச் சரித்திரத்தில் மிகக் கடினமான அத்தியாயம். 1965-ல் ரோமாபுரியில் கூடிய கத்தோலிக்க மகா சபை, யேசுநாதரின் மரணத்துக்கு யூத ஜாதி முழுவதையும் பொறுப்பாளியாக்குவது தகாது என்று பிரகடனம் செய்தது. அப்படியிருந்தும் 1970-ல் பழைய நாடகம் அநேகமாக அப்படியே மேடை ஏறியது. அமெரிக்க யூத சங்கங்கள் அதை பகிஷ்கரிக்கும்படி கேட்டுக்கொண்டன.

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "எங்கள் பாட்டனார் நடித்த நாடகத்தை வெளியூரார் சொல்லி மாற்றுவதா?" என்றார்கள் ஒரு சாரார். அவர்களுடைய ரோஷம் நமக்கு விளங்காததல்ல. தன் பரம்பரைச் சொத்தை அந்நியர் குறை சொன்னால் யாருக்குத்தான் நோகாது? ஆனால், "பிறர் மனத்தைப் புண்படுத்தும் பொய்யையும் பரம்பரைச் சொத்து என்று காப்பாற்ற வேண்டுமா?" என்று மற்றொரு சாரார் கேட்டார்கள். சகோதரர்கள் பேச்சை நிறுத்தும் அளவுக்கு இந்தச் சண்டை முற்றியது.

1987-ல், உள்ளூர் விடுதிக்காரர் குடும்பத்தில் பிறந்து, மரச் சிற்பம் கற்ற கிறிஸ்டியன் ஷ்டூக்ல் என்னும் இளைஞரைக் கிராம சபை நாடக ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு அப்போது வயது 30 கூட நிரம்பவில்லை. 1990-ல் ஒரு பழைய வழக்கம் மாறியது. அதுவரை கல்யாணமான பெண்களும், 35 வயதைக் கடந்த பெண்களும் மேடை ஏறக் கூடாது. சில பெண்கள் நியாயஸ்தலம் சென்று தங்கள் உரிமையைப் பெற்றார்கள். தேவ மாதாவின் பாகத்தை ஒரு தாயார் நடிக்கக் கூடாது என்று எத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறார்கள்!

2000-ம் வருஷத்து நாடகத்தில் வசனம் பெருமளவு மாற்றி எழுதப்பட்டது. இரத்தப்பழிக் கூச்சல் நீக்கப்பட்டது. கொம்புத் தலைப்பாகைகள் போயின. மேடையில் யேசுநாதர் யூதராகவே நின்று எபிரேய மொழியில் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார். யூத குருமார்களில் சிலர் அவருக்காகவே வாதாடுவதும் காட்டப்பட்டது. கிறிஸ்தவரல்லாத ஊராருக்கும் மேடை திறந்தது. 2022-ல் யூதாஸின் பாகத்தை நடித்தவர்களுள் ஒருவர், துருக்கியிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். இந்த மாறுதல்கள் எல்லாம் வெளியூர்ச் சங்கங்கள் ஆட்சேபித்ததனால் மாத்திரம் வந்தவையல்ல. ஊரார் தங்களுக்குள் வாதாடி, ஓட்டுப் போட்டு, தோற்று, மறுபடியும் வாதாடி வந்தவை. நாடகத்தை இரவு வரை நீட்டலாமா என்பதைக்கூட 2007-ல் ஊர் முழுவதும் ஓட்டுப் போட்டே முடிவு செய்தார்கள்.

2020-ல் நடக்க வேண்டிய நாடகத்தைக் கொரோனா என்னும் புதிய கொள்ளை நோய் நிறுத்தியது. கொள்ளை நோயிலிருந்து பிழைத்ததற்காக ஏற்பட்ட நாடகம் கொள்ளை நோயாலேயே நின்றது விதியின் விளையாட்டு! வளர்த்த தாடியை எடுத்துவிட்டு, 2021 சாம்பல் புதனன்று மறுபடியும் வளர்க்கத் தொடங்கினார்கள். 2022 மே மாதம் 14-ந் தேதி நாடகம் ஆரம்பமாயிற்று. சுமார் 4 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அடுத்த முறை 2030-ல்.

இந்த வரலாற்றை யோசிக்கையில் நமக்கு ஒன்று விளங்குகிறது. 1633-ல் ஆலயத்தில் கூடிய குடியானவர்கள், ஒரு குறிப்பிட்ட வசனத்தைச் சொல்வதாகச் சபதம் செய்யவில்லை. தங்கள் தெய்வத்தின் துன்பத்தைத் தங்கள் உடம்பால் நடித்துக் காட்டுவதாகவே சபதம் செய்தார்கள். வசனம் பின்னால் வந்தது. அதை எழுதியவர் ஒருவர், திருத்தியவர் இன்னொருவர். அந்த வசனத்தில் படிந்த அழுக்கைத் துடைத்ததால் சபதம் குறையவில்லை.

ஸ்விங்க் சுவரில் தீட்டிய சித்திரங்களை மழையும் வெயிலும் மங்கவைக்கும்போது, அழுக்கை நீக்கிப் புதுப்பித்துத்தான் அவற்றைப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. முன்னோர் வைத்துப் போன பெருமையையும் அப்படித்தான் காப்பாற்ற முடியும் போலும். தங்கள் ஊரைக் குறித்துப் பெருமைப்படுகிறவர்களே அந்த ஊரின் குற்றத்தையும் எடுத்துச் சொல்லத் துணிந்தார்கள். கோஃபெல் சிகரத்தின் அடியில் இருக்கும் இந்தச் சிறு கிராமத்துக்கு அதுவே மிகப் பெரிய பெருமை என்று நமக்குத் தோன்றுகிறது.